மடக்குக் கத்தியை அன்றாடம் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்தி வைத்திருப்பவரிடம் அது எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பார்சல் பிரிக்க. பார்சல் பிரிக்க வீட்டுச் சாவியே போதும். நல்ல சிறிய கத்தி என்றால் கயிறு அறுக்கும், மாதுளை உடைக்கும், பென்சில் சீவும், கொய்யாக் கிளையில் பதியம் போடும். விரலுக்குச் சேதமில்லாமல் இத்தனையும் செய்ய இரண்டு விஷயம் பிடிபட வேண்டும். ஒன்று, எந்த வேலைக்கு அலகின் எந்தப் பகுதி. இரண்டு, கத்தி எப்போது தானாக மடங்கும். மற்றதெல்லாம் இவற்றிலிருந்தே வரும்.

எந்தக் கத்தி வாங்குவது

அலகு 6 முதல் 8 செ.மீ. நீளம் இருந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். அதற்கு மேல் போனால் பையில் கனம், பார்ப்பவருக்குப் பயம். சாவிக்கொத்தில் தொங்கும், மூடினால் 58 மி.மீ. நீளமே உள்ள கத்தியும் குறைந்ததல்ல, அதன் அலகு சுண்டுவிரல் அளவுதான், ஆனால் கூடவே சின்னக் கத்தரிக்கோலும் இடுக்கியும் இருக்கும். நகரத்தில் அலுவலகம் போய் வருபவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பல கருவிகள் அடங்கிய சிவப்புப் பிடிக் கத்தியைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884-ல் கார்ல் எல்ஸ்னர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டரினாக்ஸ். 1891-ல் அவர் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சிப்பாய் துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி, டப்பா உணவைத் திறக்க ஒரு திறப்பான், ஓர் அலகு, ஒரு குத்தூசி, அவ்வளவுதான் அதில். 1897-ல் வந்த அதிகாரிகள் கத்தியில்தான் கார்க் எடுக்கும் திருகும் இரண்டாவதாக ஒரு சிற்றலகும் சேர்ந்தன. ஒரே பிடிக்குள் பல கருவி என்பது நமக்கும் புதிதல்ல: ஓலையில் எழுதிய காலத்து மடக்கெழுத்தாணியில் ஓலை நறுக்கும் கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடிக்குள் மடங்கும்.

இருபது கருவி உள்ளதை வாங்காதீர்கள். கை நிறையப் பருமனாக இருக்கும் கத்தி மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அலகு, கத்தரிக்கோல் அல்லது ரம்பம் ஏதாவது ஒன்று, டப்பா திறப்பான், குத்தூசி, இடுக்கி, இவை இருந்தால் போதும்.

கருவிகளே வேண்டாம், நல்ல அலகு ஒன்று போதும் என்பவருக்கு பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினெல் இருக்கிறது. மரப்பிடி, மெல்லிய அலகு, கழுத்தில் சுழலும் ஒரு வளையம். 1955-ல் சேர்க்கப்பட்ட அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். பழம், காய்கறி நறுக்க இந்த விலையில் இதைவிட நல்ல அலகு எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு குறை: மழைக்காலத்தில் மரப்பிடி ஈரம் குடித்து உப்பும், அலகு திறக்க மறுக்கும். அப்போது பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். அதைப் பிடித்துத் திறக்கலாம்.

சுவிஸ் சிலுவை மட்டும் போட்டு, தயாரித்தவர் பெயர் இல்லாமல் நடைபாதையில் விற்பவற்றை விட்டுவிடுங்கள். அவற்றில் வில் தளர்ந்திருக்கும். வில் தளர்ந்த மடக்குக் கத்தி, கூர் மழுங்கியதைவிட மோசம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

கத்தி எப்போது மடங்கும்

கடையில் கிடைக்கும் சிறிய கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டு கிடையாது. முதுகுப் பக்கம் ஒரு வில் தகடு அலகை அழுத்தி நிறுத்தியிருக்கும், அவ்வளவே. கூர் பக்கம் அழுத்தம் விழும்போது அலகு மேலும் திறக்கும் திசையில்தான் தள்ளப்படுகிறது, பிடி அதைத் தடுத்து நிற்கும். ஆகவே வெட்டும்போது பூட்டில்லாத கத்தியும் பத்திரம். முதுகில் அழுத்தம் விழுந்தாலோ, நுனியால் குத்தினாலோ அலகு மடங்கும் திசையில் தள்ளப்படும். அங்கே இருப்பது உங்கள் நான்கு விரல்கள்.

மடக்குக் கத்தியால் வரும் காயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. அட்டைப்பெட்டியில் நுனியைக் குத்துவது, தேங்காய்க் கண்ணைக் குடைவது, கட்டையில் சிக்கிய அலகை மேலும் கீழும் ஆட்டி உருவுவது. சிக்கிய அலகை ஆட்டக் கூடாது. கட்டையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கத்தியை நுழைந்த வழியிலேயே நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். துளை போட வேண்டுமானால் அலகு வேண்டாம், குத்தூசி. அதையும் குத்தாமல் அழுத்தித் திருக வேண்டும்.

பூட்டு உள்ள கத்தி என்றால் வாங்கியதும் ஒரு முறை சோதியுங்கள். விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கி, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள். கொஞ்சம் நெகிழ்ந்தாலும் அந்தப் பூட்டை நம்பாதீர்கள், பூட்டில்லாத கத்தியாகவே பாவியுங்கள்.

திறக்கும்போது நகக்குழியில் நகத்தைக் கொடுத்து அலகின் முதுகைப் பிடித்துத் திறக்கவும். கூர் பக்கம் விரல் போகக் கூடாது. மூடும்போது பிடியை உள்ளங்கையில் பக்கவாட்டில் வைத்து, விரல்களைப் பிளவிலிருந்து விலக்கி, மறு கையின் உள்ளங்கையால் முதுகைத் தள்ளி மூடவும். சினிமாவில் வருவது போல் ஒரு கையால் சொடுக்கி மூடுவது வேண்டாம்.

அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூடிக் கொடுங்கள். சில வீடுகளில் கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்தால்தான் எடுப்பார்கள். சண்டை வருமோ வராதோ, திறந்த கத்திக்கு அதைவிட நல்ல விதி இல்லை.

அலகின் மூன்று இடங்கள்

பிடிக்கு ஒட்டிய அடிப்பகுதி பலத்துக்கு. கை அருகில் இருப்பதால் அழுத்தம் முழுதும் அங்கே இறங்கும். கயிறு, கட்டை, கெட்டியான பிளாஸ்டிக் எல்லாம் அங்கே.

நடுப்பகுதியின் வளைவு இழுத்து அரிவதற்கு. பழம், ரொட்டி, ரப்பர், தோல். அழுத்தத்தைவிட இழுப்புதான் இங்கே வேலை செய்யும். தக்காளியை அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் அறும்.

நுனி, கீறுவதற்கு. டேப், ஆரஞ்சுத் தோல், தையல் நூல். நுனிக்கு எப்போதும் ஆழம் கூடாது. ஆள்காட்டி விரலை அலகின் பக்கவாட்டில் நீட்டி, நுனியிலிருந்து அரை செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி பிடித்தால் விரலே ஆழத்தை நிறுத்திவிடும்.

அரிவாள்மணையில் வளர்ந்த கைக்கு இதில் ஒரு சின்னப் பழக்க மாற்றம் தேவை. மணையில் அலகு அசையாது, காய்தான் போகும். கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கும். கத்தியிலோ அலகு உங்களைத் தேடி வரும். அதனால் வெட்டத் தொடங்கும் முன் ஒரு நொடி யோசியுங்கள்: இந்த இடத்தில் அலகு வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? தொடையிலா, இடது கையிலா, பக்கத்தில் நிற்கும் குழந்தையிடமா? பதில் பிடிக்கவில்லை என்றால் திரும்பி உட்காருங்கள். கை நீட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

கட்டுகளும் மூட்டைகளும்

சணல், கயிறு, நைலான் எதுவானாலும் மேசைமேல் வைத்து மேலிருந்து அறுப்பது கடைசி வழி. கயிற்றை மடித்து ஒரு வளையமாக்கி இடது கையில் பிடியுங்கள். வளையத்துக்குள் அலகின் அடிப்பகுதியை, கூர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி நுழைத்து, வெளியே பார்த்து இழுங்கள். கயிறு தானே இறுகி அறுபடும். தென்னங்கயிறு சற்று முரண்டு பிடிக்கும். அலகை முன்னும் பின்னும் ரம்பம் போல் ஓட்டினால் வழிக்கு வரும். நைலான் கயிற்றை அறுத்தபின் முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. உருகிய முனையை உடனே விரலால் தொடாதீர்கள்.

கேபிள் டை வேறு ரகம். இறுகக் கட்டிய டைக்குக் கீழே அலகைத் திணித்து நெம்பினால் அது அறும் நொடியில் கத்தி பறக்கும், உள்ளே இருக்கும் வயரும் போகும். டையின் தலையில், பட்டை நுழையும் ஓட்டைக்குள் ஒரு சின்ன நாக்கு தெரியும். நுனியை அதற்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லச் செருகி நாக்கைத் தூக்கினால் டை அறுபடாமலே கழன்று வரும், மறுபடியும் பயன்படும்.

அரிசி மூட்டை. இதற்குக் கத்தி கொஞ்சம்தான் வேண்டும், பொறுமை நிறைய. சாக்கின் வாயைத் தைத்திருப்பது சங்கிலித் தையல். அதற்கு ஒரு குணம் உண்டு: ஒரு கோடியிலிருந்து இழுத்தால் முழு நூலும் சரசரவென்று உருவிக்கொண்டு வரும், மறு கோடியிலிருந்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சாக்குக்கு ஒட்டி நுனியால் வெட்டி, இரண்டு நூலையும் பிரித்து இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் மறு ஓரத்தில் அதையே செய்யுங்கள். சாக்கை வயிற்றில் கீறித் திறப்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்; நல்ல சாக்கும் போச்சு, நூலும் போச்சு.

20 லிட்டர் தண்ணீர்க் கேனின் மூடியில் நுனியைக் குத்தினால் பிளாஸ்டிக் துணுக்கு தண்ணீரில் விழும். மூடியின் பாவாடையில், இழுக்கும் காதுக்குப் பக்கத்தில், கீழிருந்து மேலாக ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டுக் கையால் கிழியுங்கள். கத்தியை முதலில் கழுவுங்கள். காலையில் அதே கத்தியால் என்ன வெட்டினோம் என்பது நமக்கு நினைவிருக்காது.

அட்டைப்பெட்டிக்கு மேலே சொன்ன விரல் பிடி போதும். டேப்பை மட்டும் கீறினால் உள்ளே இருக்கும் சட்டை தப்பும்.

பழங்கள்

வீட்டில் சமையல் கத்தி இருக்கும்போது மடக்குக் கத்தி எதற்கு? வீட்டில் தேவையில்லைதான். பேருந்திலும் ரயிலிலும் தோட்டத்திலும் அலுவலகத்திலும்தான் அதற்கு வேலை.

ஆரஞ்சு, சாத்துக்குடி: மேலும் கீழும் சிறு வட்டமாகத் தோலைச் சீவி, நுனியால் மேலிருந்து கீழே நான்கு கீறல். தோலின் கனம் மட்டுமே ஆழம். பிறகு விரலால் உரித்துக்கொள்ளலாம்.

மாம்பழம்: கொட்டை தட்டை என்பதை நினைவில் வையுங்கள். பழத்தை மெலிந்த பக்கம் மேலே வரும்படி நிறுத்தி, காம்புக்கு இருபுறமும் ஒரு விரல் தள்ளி, கொட்டையை ஒட்டி அலகை இறக்கினால் இரண்டு கன்னங்கள் வரும். கன்னத்தின் சதையில் நுனியால் கட்டம் கட்டமாகக் கீறி, தோலைப் பின்னிருந்து அழுத்திப் பிதுக்குங்கள். உள்ளங்கையில் வைத்துக் கீறுகிறீர்கள் என்றால் தோலோடு நிறுத்தத் தெரிய வேண்டும். தெரியாதவரை தட்டில் வையுங்கள்.

மாதுளைக்கு நான் மடக்குக் கத்தியைத்தான் எடுப்பேன், பெரிய கத்தியை அல்ல. பெரிய கத்தியால் பாதியாக வெட்டினால் முத்துகள் அறுந்து சட்டையெல்லாம் கறை. இப்படிச் செய்யுங்கள்:

1. கிரீடம் போன்ற தலைப்பகுதியைச் சுற்றி நுனியால் ஆழமில்லாத ஒரு வட்டம் கீறி, மூடி போல் எடுங்கள்.
2. உள்ளே வெள்ளைச் சவ்வுகள் நடுவிலிருந்து பிரிந்து போவது தெரியும். பெரும்பாலும் ஐந்தாறு இருக்கும். வெளித்தோலிலும் அந்த இடங்களில் லேசான மேடு தென்படும்.
3. ஒவ்வொரு சவ்வின் நேரே மேலிருந்து கீழ்வரை தோலை மட்டும் கீறுங்கள்.
4. இரண்டு கட்டைவிரலையும் நடுவில் கொடுத்து விரியுங்கள். பழம் பூப்போலத் திறக்கும். முத்து ஒன்றும் அறுபடாது.

அவித்த பனங்கிழங்குக்கும் சின்ன அலகுதான் தோது. தோலை உரித்துவிட்டு நடுவில் நீளவாக்கில் கீறிப் பிளந்து, உள்ளே இருக்கும் தும்பை நுனியால் தூக்கி எடுத்துவிடலாம்.

இளநீர், நுங்கு, பலா இவை மூன்றும் மடக்குக் கத்திக்கு அல்ல. அரிவாள் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

பென்சிலும் விறகும்

பென்சில் சீவுவது மரம் சீவுவதற்கான முதல் பாடம். ஷார்ப்னரில் சீவினால் முனை குட்டையாகத்தான் வரும். படம் வரைபவர்களுக்கும் தச்சர்களுக்கும் நீண்ட முனை வேண்டும்.

இடது கையில் பென்சிலை, முனை வெளியே பார்க்கும்படி பிடியுங்கள். வலது கையில் கத்தி. முனையிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி அலகைச் சாய்த்து வையுங்கள். இனிமேல் வலது கை தள்ளக் கூடாது. இடது கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்து அந்த விரலால்தான் தள்ள வேண்டும். வலது கை சாய்வை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு சீவலுக்கும் பென்சிலைக் கொஞ்சம் திருப்புங்கள். முதலில் மரம் மட்டும். கரி ஓர் அரை செ.மீ. வெளியே வந்ததும் நிறுத்தி, அதைக் காகிதத்தில் சாய்த்து வைத்து அலகால் சுரண்டிக் கூராக்குங்கள். கட்டைவிரலால் தள்ளுவதால் அலகு ஒரு செ.மீ.க்கு மேல் ஓடாது. குழந்தைக்குக் கத்தி கற்றுக்கொடுப்பதானால் இங்கிருந்துதான் தொடங்குவேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. வேப்பங்குச்சி நறுக்குவது, ஆடும் மேசைக்கு ஆப்பு செதுக்குவது, செடிக்கு முளைக்குச்சி கூராக்குவது எல்லாம் இதே கட்டைவிரல் வேலைதான்.

மழை நாளில் அடுப்பு பற்ற மறுக்கும்போது உதவுவது சுருள் குச்சி. வெளியே நனைந்த விறகும் உள்ளே பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். அதைப் பிளந்து, உட்பகுதியிலிருந்து கட்டைவிரல் பருமனில் முடிச்சில்லாத ஒரு துண்டை எடுங்கள். பிளப்பதற்கு அரிவாள் அல்லது கோடாரி. மடக்குக் கத்தியை மரத்தில் வைத்துச் சுத்தியலால் அடிப்பவர்களுக்கு நான் கத்தி இரவல் தருவதில்லை. பழைய பேக்கிங் பெட்டியின் பைன் பலகை இதற்கு மிகவும் நன்றாக வரும்.

குச்சியின் கீழ்முனையை ஒரு கட்டைமேல் ஊன்றிப் பிடியுங்கள். அலகின் அடிப்பகுதியைக் குச்சியின் மேல்பக்கத்தில் ஏறக்குறையத் தட்டையாகப் படுக்க வைத்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கீழே தள்ளுங்கள். சீவல் சுருண்டுகொண்டே வரும். முனைக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்துங்கள்; சுருள் குச்சியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். குச்சியைச் சற்றுத் திருப்பினால் முந்தைய சீவலின் ஓரத்தில் ஒரு விளிம்பு இருக்கும், அடுத்த சீவலை அதில் தொடங்குங்கள். பதினைந்து இருபது சுருள் ஆனதும் சுருள் கீழே பார்க்கும்படி வைத்து அடியில் தீக்குச்சி காட்டுங்கள். கை பழகும்வரை சீவல்கள் அறுந்து விழும். அவற்றையும் சேர்த்து வையுங்கள், அவைதான் முதலில் பற்றும்.

இதை உங்கள் வீட்டு விறகில் பழகுங்கள். காப்புக்காட்டில் சுள்ளி ஒடிப்பதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம்.

விண்பதியம் போடுவது

கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைத்து, பிறகு வெட்டி நடுவதுதான் விண்பதியம். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மடக்குக் கத்தியின் உச்சகட்ட வேலை இதுதான் என்பேன். கொய்யா, மாதுளை, எலுமிச்சை மூன்றுக்கும் இது நன்றாக வரும். விதையில் வளர்த்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. பதியம் தாய் மரத்தின் கிளையே என்பதால் அதே பழம், அதுவும் சீக்கிரம். காற்றில் ஈரம் இருக்கும் மழைக்காலம் ஏற்றது.

1. பென்சில் பருமனுள்ள, நேரான, நோயில்லாத ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். முற்றிய பழுப்பும் வேண்டாம், இளம்பச்சையும் வேண்டாம். நுனியிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இடம் பாருங்கள்.

2. அலகை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒரு மரத்தின் நோய் மற்றொன்றுக்குப் போக அழுக்குக் கத்தி போதும்.

3. கிளையைச் சுற்றி ஒரு வட்டம் கீறுங்கள். பட்டை மட்டும், மரத்தில் இறங்கக் கூடாது. அலகை ஓரிடத்தில் வைத்து மெல்ல உருட்டினாலே போதும். இரண்டரை செ.மீ. கீழே இன்னொரு வட்டம். இரண்டையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல்.

4. நுனியால் அந்தக் கீறலின் ஓரத்தைத் தூக்கி, பட்டையை வளையலாகக் கழற்றுங்கள். மழைக்காலத்தில் தோல் உரிவது போல் வரும். வரவில்லை என்றால் கிளைக்கு இப்போது சாறு ஓட்டம் இல்லை, வேறு மாதம் பாருங்கள்.

5. கழற்றிய இடம் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பான மென்படலத்தை அலகை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி எடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் படலம் மிச்சமிருந்தால் மரம் அதிலிருந்தே புதுப் பட்டை வளர்த்துக் காயத்தை மூடிவிடும், வேர் விடாது. இலையில் தயாரான உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. வழி அடைபட்டால்தான் அது மேல் வட்டத்தில் தேங்கி வேராகும்.

6. தென்னை நார்க்கழிவை நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில், ஒரு கைப்பிடி உருண்டையாக அந்த இடத்தைச் சுற்றி வையுங்கள். மேல் வட்டம் உருண்டைக்குள் நன்றாக மூடியிருக்க வேண்டும்.

7. கண்ணாடி போன்ற பாலித்தீனால் சுற்றி இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.

ஒன்று முதல் இரண்டு மாதத்தில் வெள்ளை வேர்கள் பாலித்தீன் வழியே தெரியும். அவை பழுப்பாகத் தொடங்கியதும் கீழ்க்கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரே நாளில் வெட்டாமல் முதலில் பாதி ஆழம், ஒரு வாரம் கழித்து மீதி என்றால் அதிர்ச்சி குறையும். பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாலித்தீனை மட்டும் பிரித்து, உருண்டையைக் கலைக்காமல் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள்.

செம்பருத்தி, காகிதப்பூ போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டிய முக்கால் ஜாண் குச்சி போதும்.

கத்தி போகக் கூடாத இடங்கள்

திருப்புளி இல்லை என்று அலகின் நுனியைத் திருகில் வைத்தால் நுனி உடையும். உடைந்த நுனி திரும்ப வராது. பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவதும் அப்படியே. டப்பா திறப்பானின் தட்டை முனை இருக்கிறதே. வயரின் உறையைச் சீவலாம், ஆனால் மெயினை அணைத்த பிறகு, செம்புக் கம்பியில் வெட்டு விழாமல்.

பாம்பு கடித்த இடத்தைக் கீறி ரத்தம் எடுப்பது என்ற எண்ணத்தை அடியோடு விடுங்கள். அதனால் விஷம் வெளியேறாது, காயமும் தொற்றும்தான் மிச்சம். கடிபட்ட கால் அசையாமல் பார்த்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முள் குத்தினால் இடுக்கி. தேனீக் கொடுக்கை அலகின் முதுகாலோ நகத்தாலோ வழித்து எடுக்கலாம். எதனால் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம்.

தீட்டுவது

மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் வேண்டும், அழுத்திய கை வழுக்கும். ஆகவே விரலைக் காப்பது கூர்தான்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளையும் அரிவாள்மணையையும் தயங்காமல் கொடுங்கள். சின்ன மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகு சட்டென்று சூடேறும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்து எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதோடு ஒவ்வொரு முறையும் அலகில் நிறையவே தேய்ந்து போகும்.

ஒருபுறம் 400, மறுபுறம் 1000 என்று எண் போட்ட நீர்க்கல் ஒன்று போதும். சாதாரணமாக மழுங்கியிருந்தால் 1000 பக்கம் மட்டும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, அடியில் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

கோணம்தான் எல்லாருக்கும் சிக்கல். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வேண்டும். ஒன்றரை செ.மீ. அகலமுள்ள அலகுக்கு, முதுகு கல்லிலிருந்து அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தால் அந்தக் கோணம் வந்துவிடும். சரிபார்க்க மார்க்கர் பேனாவால் விளிம்பில் மையைப் பூசி இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். மை விளிம்பில் மட்டும் போனால் சற்றுத் தாழ்த்துங்கள், மேலே மட்டும் போனால் சற்று உயர்த்துங்கள், முழுதும் போனால் அந்தக் கோணத்தை விடாதீர்கள்.

கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதாக நினைத்துக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை ஒரே வீச்சில் ஓட்டுங்கள். நுனி வரும்போது பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரே பக்கத்தை, மறுபக்க விளிம்பில் விரலால் வழித்தால் பிசிறு தட்டுப்படும்வரை தேய்க்கவும். விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டக் கூடாது, முதுகிலிருந்து வெளியே வழித்துப் பார்க்க வேண்டும். பிசிறு அடி முதல் நுனிவரை வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம், அதே வரை. கடைசியில் பக்கம் மாற்றி மாற்றி, கத்தியின் கனம் மட்டும் விழும்படி பத்துப் பன்னிரண்டு ஓட்டு. பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும். செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து மேலிருந்து இழுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுந்தால் சரி.

கல் இல்லாத ஊரில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு படாத சொரசொரப்பான வளையம் இருக்கும். லேசாக மழுங்கிய கத்திக்கு அதுவே போதும்.

துரு, கறை, எண்ணெய்

துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக. கடற்கரை ஊர்களில் இது வெகு சீக்கிரம் தெரியும். எலுமிச்சை, மாங்காய், புளி வெட்டியதும் கழுவித் துடைத்துவிடுங்கள்; மூடி வைப்பதற்கு முன் பிளவுக்குள்ளும் காய வேண்டும். ஒப்பினெலின் கார்பன் அலகில் மாங்காயும் வாழைப்பூவும் கருஞ்சாம்பல் நிறத்தை ஏற்றும். அது கெடுதல் இல்லை, செந்துருவுக்கு ஓரளவு தடுப்புகூட. அப்படியே விடுங்கள். மரப்பிடியைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள்.

வாழைக்கறையும் பலாப்பாலும் அலகில் ஏறினால் சோப்புக்கு அசையாது. வெட்டும் முன்பே எண்ணெய் தடவுவதுதான் வழி, அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்ததே. அப்புறம் கீல்: அங்கே நல்லெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, நாலைந்து முறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். பழம் வெட்டும் அலகுக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லிய பூச்சாக. பிளவுக்குள் சேர்ந்த பஞ்சையும் மண்ணையும் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம்.

வெளியே எடுத்துப் போகும்போது

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. சட்டைப்பைக் கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் பட்டனைத் தட்டினால் பாயும் கத்தியை வாங்காதீர்கள்; அதனால் எந்த வேலையும் கூடுதலாக நடக்காது, விசாரணை மட்டும்தான் நடக்கும். திருவிழாக் கூட்டம், ஊர்வலம், நீதிமன்றம், தேர்வு மையம் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெட்ரோ நிலையத்திலும் பைச் சோதனையில் தகராறு வரலாம்.

லண்டன் போகிறவர்கள் கவனிக்க: பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் நீளம் குறைவு என்பது உதவாது. சிங்கப்பூரில் பொது இடத்தில் கத்தி வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது இருக்காது.

இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் அனுமதி இல்லை, எவ்வளவு சிறியதானாலும் பறிபோகும். செக்-இன் பெட்டியில் அலகைத் துணியில் சுற்றி வைக்கலாம். சாவிக்கொத்துக் கத்திதான் மறந்துபோகும். அதனால் கிளம்பும் முந்தின இரவே சாவியை எடுத்துப் பார்த்து, கத்தியைக் கழற்றிப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.